கப்பலூர், மூன்றாவது லேன்

கப்பலூரில் கப்பல் கிடையாது.
சுங்கச்சாவடி உண்டு, அதில் மூன்றாவது லேனில் நான் உண்டு,
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை.

கப்பல்காரன் என் வீட்டுக்காரன்.
அவனுக்கும் இன்றைக்குக் கடல் இல்லை.
நரிட்டா விமான நிலையத்தில்,
யாரும் நீட்டிப் படுத்துவிடாதபடி
நடுவில் கைப்பிடி வைத்த நாற்காலியில்,
வான்கூவர் விமானத்துக்குக் காத்திருக்கிறான்.
விசா இல்லை.
ஜப்பான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

"எட்டு மணி நேரம் கிடக்கு பேச்சி, என்னத்தச் செய்ய?"
"நட. காசு கேக்காத காரியம் அது ஒண்ணுதான்."
வழிக்குக் காசு வாங்கும் கூண்டிலிருந்து
சொல்கிறேன் இதை.

இடது காதில் அவன் பூட்ஸ் சத்தம்.
வலது காது வேலைக்கு.
ஃபாஸ்டேக்கில் காசு இல்லாத வண்டியெல்லாம்
என் லேனைத்தான் தேடி வரும்.
கல்யாண வேன் ஒன்று வந்து நிற்கிறது.
"இங்க ஒரு மெஷின், காசு போட்டா
சூடா காப்பி டப்பா விழுது" என்கிறான்.
"எவ்வளவு?" என்கிறேன்.
வேன்காரர் தலையை வெளியே நீட்டி
"நீதானம்மா சொல்லணும்" என்கிறார்.

பிறகு கக்கூஸைப் பற்றி விவரமாகச் சொன்னான்.
ஒரு பட்டனை அமுக்கினால்
ஆற்றில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்குமாம்.
"வைகைல இல்லாதது அங்க இருக்கு,
நல்லாக் கேட்டுக்க" என்றேன்.
இன்னொரு தடவை போய்க் கேட்டுவிட்டு வந்தான்.

தரை துடைக்கிற அம்மா குனிந்து வணங்கியதாம்.
இவன் குனிந்தானாம்.
அது மறுபடியும் குனிய, இவன் விடுவானா,
நாலு தடவை.
நான் சிரித்த சிரிப்பில் நாமக்கல் முட்டை லாரிக்குச்
சில்லறை பத்து ரூபாய் கூடப் போய்விட்டது.
உறைத்தபோது லாரி
திருமங்கலம் பக்கம் ஒரு சிவப்புப் புள்ளி.

பன்னிரண்டு மணிவாக்கில் குரல் மாறியது.
காவலுக்கு வந்தவர் போர்டிங் பாஸைக் கேட்டிருக்கிறார்.
பெயரை வாய்விட்டுப் படித்திருக்கிறார்.
ஒச்சா. நிறுத்தி, பன்.
சிரிப்பை அடக்க முடியாமல் மன்னிப்பும் கேட்டுக்கொண்டு
ஃபோனில் மொழிபெயர்த்துக் காட்டினாராம்:
அவர்கள் பாஷையில் ஒச்சா என்றால் டீ.
பன் என்றால் ரொட்டி.
பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கொடுத்த பேர்,
முப்பத்தாறு வருஷம் கழித்து
டீக்கடை ஆகிவிட்டது.
"கோவிச்சுக்கிட்டியா?"
"எதுக்கு? அந்த ஆளு போய்
ஒரு ரொட்டிப் பொட்டலம் வாங்கிட்டு வந்து குடுத்தாரு.
பேருக்கு ஏத்த மாதிரி."

இடைவேளையில் நானும் போய்
டீ வாங்கினேன், ஒரு பன் வாங்கினேன்.
கடைக்காரர் "ராத்திரி பன் தின்ன மாட்டியே" என்றார்.

அங்கே விடிய ஆரம்பித்துவிட்டது.
இங்கே மணி ஒன்றுகூட ஆகவில்லை.
ஃபோனைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினான்.
ஒரு விமானத்தின் வால்,
அதற்குப் பின்னால் ஆரஞ்சாக ஏதோ.
"பாத்தாச்சு. அங்குட்டு அனுப்பி வைக்கிறேன்" என்றான்.
"வரட்டும். நான் டூட்டிலதான் இருப்பேன்."
அப்புறம் இருவருக்கும் பேச்சில்லை.
அவன் தூங்கிவிட்டானோ என்னவோ,
உஸ் உஸ் என்று ஒரு சத்தம்
மூன்று மணி வரை காதில் இருந்தது.
வைக்க மனசில்லாமல் அப்படியே விட்டிருந்தேன்.

சிட்கோ கூரைகளுக்கு மேலே வந்தபோது
அவன் பார்த்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது அதற்கு.
கேட்டைத் தூக்கவும் இல்லை, ரசீது போடவும் இல்லை,
லேன் முழுக்க விழுந்து கிடந்தது.
அங்கே ஒன்பதரை. ஏறியிருப்பான்.
"ஏறிட்டியா" என்று அனுப்பியதற்கு ஒற்றை டிக்.

கணக்குப் பார்த்த பிரிட்டோ சார்
இரண்டு தடவை எண்ணிவிட்டு
"பத்து ரூபா இடிக்குதே" என்றார்.
பர்ஸிலிருந்து எடுத்து வைத்தேன்.
பையில் பாதிப் பன் மிச்சம் இருந்தது.
பெரியார் பஸ்ஸில்
ஜன்னலோரம் உட்கார்ந்து தின்றேன்.